மாலை 5 மணிக்குள் எங்கே போகலாம்?

அந்தமானில் கல்லூரி மாணவர்கள் பிக்னிக் கிளம்புமுன் பார்க்க வேண்டியது வரைபடத்தை அல்ல, கடிகாரத்தை. கிழக்கே வெகுதூரம் தள்ளிக் கிடந்தாலும் இந்தத் தீவுகள் தில்லி நேரப்படிதான் நடக்கின்றன. டிசம்பரில் மாலை 5 மணிக்கெல்லாம் சூரியன் மறைந்துவிடும்.

2024ல் ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் மாறிய போர்ட் பிளேரில்தான், 1967ல் தொடங்கிய ஜவாஹர்லால் நேரு அரசுக் கல்லூரி இருக்கிறது. வகுப்பு முடிந்து கிளம்புகிறவர்களுக்குக் கார்பின்ஸ் கோவ் கடற்கரைதான் கதி. நகரிலிருந்து சுமார் 7 கி.மீ. வழியில், இரண்டாம் உலகப் போரில் தீவைப் பிடித்து வைத்திருந்த ஜப்பானியர்கள் கட்டிய பதுங்கு அறைகள் கடலைப் பார்த்தபடி நிற்கின்றன.

அரை நாள் கிடைத்தால் தெற்கே 25 கி.மீ. தொலைவிலுள்ள சிடியா டாப்பு. பறவைகளுக்கும் சூரிய அஸ்தமனத்துக்கும் பெயர் பெற்ற இடம். அஸ்தமனம் பார்த்தால் வளைந்து வளைந்து போகும் காட்டுச் சாலையில் இருட்டில்தான் திரும்ப வேண்டும். ஸ்கூட்டர்காரர்கள் யோசிப்பது நல்லது.

மலை வேண்டுமா? சாத்தம் துறையில் வண்டியோடு படகில் ஏறி பாம்பூ பிளாட்டில் இறங்கினால் மவுண்ட் மணிப்பூர். 2021 வரை மவுண்ட் ஹேரியட். பழைய சிவப்பு 20 ரூபாய் நோட்டின் பின்பக்கத்தில் இருப்பது இங்கிருந்து தெரியும் காட்சிதான்.

ஞாயிறு முழுவதும் கையில் இருந்தால் வாண்டூர். போகும் வழியில் சிப்பிகாட்டில் தண்ணீர் தேங்கிக் கிடப்பவை ஒரு காலத்தில் வயல்கள். 2004 டிசம்பர் 26 பூகம்பத்தில் நிலம் தாழ்ந்தது, கடல் உள்ளே வந்தது, திரும்பிப் போகவில்லை. வாண்டூரிலிருந்து, 1983ல் அமைக்கப்பட்ட மகாத்மா காந்தி கடல் தேசியப் பூங்காவின் பவளத் திட்டுகளுக்குப் படகு கிடைக்கும். கரையில் முதலை எச்சரிக்கைப் பலகைகள் உண்டு. அவை வெறும் அலங்காரமல்ல. 2010ல் ஹேவ்லாக் தீவில் அமெரிக்கச் சுற்றுலாப் பயணி ஒருவரை முதலை கொன்றது. நீந்துகிறவர்கள் வலை கட்டிய பகுதியைத் தாண்டக் கூடாது.

மாணவர்களை அதிகம் இழுப்பது பாராடாங். சுண்ணாம்புக் குகை, சேற்று எரிமலை எல்லாம் உண்டு. சாலையில் சுமார் 100 கி.மீ.; விடியுமுன் கிளம்பினால் மாலைக்குள் திரும்பிவிடலாம். ஆனால் அந்தமான் டிரங்க் ரோடு ஜாரவா பழங்குடிகளின் காட்டை ஊடுருவிச் செல்கிறது. அவர்கள் சில நூறு பேர்தான். அந்தப் பகுதியில் சாலையை மூடும்படி உச்ச நீதிமன்றம் 2002ல் உத்தரவிட்டது. மூடவில்லை. ஜாரவா பெண்களைச் சுற்றுலாப் பயணிகளுக்காக ஆட வைக்கும் வீடியோ 2012ல் வெளியாகி நாடே அதிர்ந்தது. 2013ல் பயணிகளுக்கு விதித்த தடையை உச்ச நீதிமன்றமே சில வாரங்களில் விலக்கிக்கொண்டது. போலீஸ் காவலுடன் வண்டிகள் வரிசையாகப் போகின்றன. நிறுத்தக் கூடாது, படம் எடுக்கக் கூடாது என்பது விதி. எட்டிப் பார்க்கும் கண்களுக்கு மட்டும் தடையில்லை.

ரங்கத்திலிருந்தோ மாயாபந்தரிலிருந்தோ வந்து விடுதியில் தங்கிப் படிக்கும் மாணவனுக்கு இது ஊருக்குப் போகும் வழி. அவனைக் குறை சொல்ல முடியாது. பிக்னிக் வேன் விஷயம் வேறு. பொழுதைக் கழிக்க நகரைச் சுற்றியே இத்தனை இடங்கள் இருக்கும்போது, பிறர் வீட்டு முற்றத்தின் வழியாகத்தான் போக வேண்டுமா என்று வேனுக்கு முன்பணம் கொடுக்குமுன் கேட்டுக்கொள்ளலாம்.