கட்டிலின் நான்கு மூலைகள்



நான் முன்பு ஊழியம் செய்த சபையில், எப்போதும் முதல் வரிசையில் அமரும் மூப்பர் ஒருவர், திடீரெனக் கதவருகே கடைசி இருக்கைக்கு மாறினார். பிரசங்கத்தின் நடுவே இருமுறை, மும்முறை எழுந்து வெளியே போவார். என் பிரசங்கம் அவருக்குச் சலித்துவிட்டது போலும் என்று நான் உள்ளுக்குள் வருந்தினேன். அடிக்கடி சிறுநீர் கழிக்க வேண்டிய உபாதையே காரணம் என்று பின்னரே அறிந்தேன். வெட்கத்தினால் அவர் அதை மனைவியிடமும் சொல்லவில்லை. இடுப்புவலி தாளாமல் மருத்துவமனைக்குச் சென்றபோது, புராஸ்டேட் புற்றுநோய் எலும்புகளுக்குப் பரவியிருந்தது.

புராஸ்டேட் என்பது ஆண்களுக்குச் சிறுநீர்ப்பையின் கீழே அமைந்த சிறு சுரப்பி. அதில் தோன்றும் புற்றுநோய் தொடக்கத்தில் பெரும்பாலும் அறிகுறி எதையும் காட்டுவதில்லை. இரவில் பலமுறை எழுவதும், சிறுநீர் மெலிந்து தடைப்படுவதும், முதுமையில் வரும் சாதாரண வீக்கத்தினாலும் நேரலாம். ஆகவே அஞ்சவும் வேண்டாம், மறைக்கவும் வேண்டாம். சிறுநீரில் இரத்தம் கண்டால் தாமதிக்காதீர்கள். 50 வயதை எட்டிய சகோதரர்கள், பி.எஸ்.ஏ. என்னும் இரத்தப் பரிசோதனை தமக்குத் தேவையா என்று மருத்துவரிடம் கேளுங்கள். தகப்பனுக்கோ உடன்பிறந்தவருக்கோ இந்நோய் இருந்திருந்தால் 45 வயதிலேயே கேளுங்கள். அந்த அளவு கூடியிருப்பதனால் மட்டும் புற்றுநோய் என்று முடிவாகாது. திசுப் பரிசோதனையே அதை உறுதி செய்யும்.

மூப்பர் வீடு திரும்பிய பின் அவரைச் சந்திக்கச் சென்றேன். சங்கீதம் வாசித்து, ஜெபித்து, விடைபெற்றேன். வாசல்வரை வந்த அவர் மனைவி தயங்கியபடி சொன்னார்: "ஐயா, ஜெபம் பண்ணினீங்க, சந்தோஷம். ஒரு மணி நேரம் அவங்க பக்கத்துல இருப்பீங்களா? நான் தூங்கி மூணு நாளாச்சு."

வெட்கி, திரும்ப வந்து உட்கார்ந்தேன். மாற்கு 2-ஆம் அதிகாரத்தில் திமிர்வாதக்காரனை நால்வர் சுமந்து வந்தார்கள். இந்த அம்மாவோ நான்கு மூலைகளையும் தனியே பிடித்திருந்தார்.

அந்த வாரமே சபையார் முறை வகுத்துக்கொண்டார்கள். வாலிபர் இருவர் இரவில் துணையிருந்தனர். சபையிலிருந்த செவிலிச் சகோதரி எங்களுக்குக் கற்றுத்தந்தார்: சிறுநீர்க் குழாயைத் தொடுமுன்னும் பின்னும் சோப்பினால் கை கழுவ வேண்டும், பை எப்போதும் சிறுநீர்ப்பைக்குக் கீழே தொங்க வேண்டும், தரையில் படக்கூடாது, காய்ச்சல் வந்தாலோ, சிறுநீர் இறங்காவிட்டாலோ மருத்துவரை அழைக்க வேண்டும், கால்கள் திடீரெனத் தளர்ந்தால் அன்றே மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும். வலிக்கு மருத்துவர் எழுதிய மார்ஃபினைத் தவறாமல் கொடுப்பதும் அன்பின் ஊழியமே; அது விசுவாசக் குறைவு ஆகாது.

தமிழக அரசு 2021-இல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில், வலி தணிப்புப் பராமரிப்பும் இயன்முறை சிகிச்சையும் வீட்டிற்கே வந்து அளிக்கப்படுகின்றன. ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேட்டறியுங்கள்.

சில மாதங்களுக்குப் பின் மூப்பர் கர்த்தருக்குள் நித்திரையடைந்தார். இறுதி நாட்களில் ஒருமுறை என் கையைப் பிடித்து, "முன்னமே சொல்லியிருக்கலாம் ஐயா" என்றார். அந்தச் சொல்லை உங்களிடம் ஒப்படைக்கிறேன்.

சகோதரரே, உபாதை இருந்தால் இந்த வாரமே வாய் திறந்து சொல்லுங்கள். மற்றவர்களே, உங்கள் தெருவில் தனியே கட்டில் சுமப்பவர் யாரென்று பாருங்கள்; போய் ஒரு மூலையைப் பிடியுங்கள்.

கர்த்தர் உங்கள் கைகளைப் பலப்படுத்துவாராக. ஆமென்.