எண்ணெய்ப் பட்டினி

கவிதையும் நாவலும் பேசுகிற இடத்தில் ஒரு கார் எஞ்சினைப் பற்றி எழுதுவது பொருத்தமா என்று தெரியவில்லை. ஆயினும் ‘பட்டினி’ என்ற சொல் என்னை விடுவதாயில்லை. உராய்வுப் பகுதிகளுக்கு எண்ணெய் சென்று சேராமல் எஞ்சின் அழிவதை ஆங்கிலத்தில் எண்ணெய்ப் பட்டினி என்றே சொல்கிறார்கள். என் எஞ்சின் நிறைந்த எண்ணெயோடு பட்டினியில் செத்தது.

என் எஞ்சின் என்பதுகூடச் சரியில்லை, அது மாமாவினுடையது. அம்பத்தூரில் லேத் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். சோழவரம் விமான ஓடுதளத்தில் 1980களில் நடந்த பந்தயங்களை வேலி ஓரம் நின்று பார்த்தவர். என்றோ தனக்கென ஒரு கார் கட்டுவதற்காக வாங்கி, தார்ப்பாய் சுற்றி ஆறு வருடம் வைத்திருந்த எஞ்சினை, கண்பார்வை மங்கத் தொடங்கியபோது என்னிடம் கொடுத்தார். என் பழைய பின்சக்கர இயக்கக் காரில் அதை ஏற்றினோம். அடியிலிருந்த குறுக்குச் சட்டம் சம்ப்பில் இடித்தது. “எஞ்சினக் கொஞ்சம் தூக்கி வெச்சுக்கலாம்டா” என்றார் மாமா. பானெட் புடைத்துத் தெரியுமே என்று நான் மறுத்தேன். அவருக்குத் தெரியாமல் டின்கர் கடையில் கொடுத்து சம்ப்பின் பின்பாதியை வெட்டி மேடாக்கி, எண்ணெய் உறிஞ்சும் குழாயை முன்பக்கத்துக்கு மாற்றிக்கொண்டேன். அழகுணர்ச்சி!

இருங்காட்டுக்கோட்டைப் பந்தயத் தடத்தில் ஒரு பயிற்சி நாள். முழுவதுமாக ஆக்ஸிலரேட்டரை மிதித்தபோது எண்ணெய் அழுத்த முள் சரிந்து, காலை எடுத்ததும் பழைய இடத்துக்கு வந்தது. மீட்டர் கோளாறு என்று எண்ணிக்கொண்டேன். நான்காவது முறை, அடியிலிருந்து சுத்தியல் தட்டுவது போன்ற ஒலி.

எஞ்சினை இறக்கிப் பிரித்தபோது ஷெல் பேரிங்குகளின் மேற்பூச்சு உரிந்து செம்பு தெரிந்தது. கிராங்க்கில் விரல் நகம் இடறும் அளவுக்குக் கோடுகள். அளவுகோலில் எண்ணெய் மேல் குறிவரை இருந்தது. மாமா சம்ப்பைத் தடவிப் பார்த்தார். வெட்டி ஒட்டிய தையலில் அவர் விரல் நின்றது. திட்டவில்லை. “தண்ணி லாரிய பார்த்திருக்கல்ல? உள்ள ஏன் தடுப்பு வெச்சிருக்கான்?” என்று மட்டும் கேட்டார்.

கணக்கு மிக எளியது. நின்ற நிலையிலிருந்து 100 கிலோமீட்டர் வேகத்தை ஆறு நொடிக்குள் எட்டும் கார், புவியீர்ப்பில் பாதியளவு முடுக்கம் கொள்கிறது. அப்போது எண்ணெயின் மேற்பரப்பு ஏறத்தாழ 27 பாகை சாய்ந்துவிடும். சம்ப்பின் நீளம் 40 சென்டிமீட்டர் என்றால் முன்முனையில் மட்டம் 10 சென்டிமீட்டர் இறங்க முயலும். அங்கே அவ்வளவு ஆழமே கிடையாது. பின்னால் எண்ணெய் குவிந்து கிடக்க, முன்னால் என் குழாய் காற்றைக் குடித்தது. போதாததற்கு, அதிக சுழற்சியில் எண்ணெயின் ஒரு பகுதி எப்போதும் மேலே ஹெட்டிலிருந்து வடிந்துகொண்டுதான் இருக்கும். கிராங்க் பேரிங்கைத் தொடுவதில்லை. சில மைக்ரான் தடிமனே உள்ள எண்ணெய்ப் படலத்தின் மேல் மிதக்கிறது. நிமிடத்துக்கு 6000 சுழற்சியில் ஒரு நொடி காற்று என்றால், படலம் இன்றி நூறு சுற்று.

எண்ணெயைக் கூடுதலாக ஊற்றலாமே என்று தோன்றும். கிராங்க் அதில் அடித்து நுரையாக்கிவிடும், நுரையும் காற்றுதான். கெட்டியான எண்ணெயும் உதவாது, குழாய்க்கு எட்டினால்தானே? சம்ப்பில் எண்ணெய் வைக்காமலே தப்பிக்கும் வழி ஒன்றுண்டு: விழும் எண்ணெயைத் தனிப் பம்புகள் உடனுக்குடன் உறிஞ்சி உயரமான ஒரு தொட்டியில் சேர்க்கும், அங்கிருந்து அழுத்தப் பம்ப் எடுத்துக்கொள்ளும். 1954இல் வந்த மெர்சிடிஸ் 300 எஸ்எல் அப்படித்தான். போர்ஷே 911உம் தொடக்கத்திலிருந்தே அப்படித்தான். எங்கள் கைக்கு எட்டாத செலவு அது.

மாமா தண்ணீர் லாரி வழியையே பிடித்தார். எஞ்சினை இம்முறை உயர்த்தி வைத்ததால் சம்ப்பைப் பின்னால் ஆழமாக்க இடம் கிடைத்தது. குழாயைப் பின்பக்கம் கொண்டுபோய், அதன் வாய் தரைத்தகட்டிலிருந்து சில மில்லிமீட்டர் மேலே நிற்கும்படி வைத்தார். அதைச் சுற்றித் தகட்டால் ஓர் அறை. அறைச் சுவர்களில் உள்நோக்கி மட்டுமே திறக்கும் சிறு கதவுகள். பிரேக் பிடிக்கும்போதும் வளைவிலும் எண்ணெய் வெளியே ஓடாது. கீல்கள் மிகச் சிறியவை. அவற்றைப் பொருத்தும்போது பூதக்கண்ணாடியை நான் பிடித்துக்கொண்டேன். பிறகு சம்ப்பில் அளவாகத் தண்ணீர் ஊற்றி, பலகையில் வைத்து முப்பது பாகை சாய்த்தோம், நான்கு திசைக்கும். குழாயின் வாய் ஒருமுறைகூட வெளியே தெரியவில்லை. இவ்வளவுக்கும் ஆன செலவு புது பேரிங்குகளின் விலைகூட இல்லை. கிராங்க்கைக் கடைய ஆனதைச் சொல்லாமல் விடுகிறேன்.

மறுபடி தடத்துக்குப் போனபோது மாமா வரவில்லை. மாலையில் தொலைபேசினார்.

“முள்ளு எறங்குச்சா?”

“இல்ல மாமா.”

“பானெட்?”

“புடைச்சுக்கிட்டுதான் இருக்கு மாமா.”

சிரித்துவிட்டு வைத்துவிட்டார்.