யாம் காணாத நெய்தல்

சங்க இலக்கியத்தில் இயற்கை வருணனை பற்றி ஒரு கட்டுரை தருக என மலர்க்குழுவினர் எம்மைப் பணித்தனர். அஃது எமக்கு எளிதாய பொருள். ஆசிரிய கலாசாலையில் யாம் விடைத்தாள் நிரப்பியதும், பின்னர்ப் பதினைந்து ஆண்டுகளுக்கு மேலாக மாணவரைக்கொண்டு நிரப்புவித்ததும் அப்பொருளாலேயே. ஆயினும், உயர்தர வகுப்பு மாணவன் ஒருவன் கேட்ட வினா அவ்வெளிமையை எம்மிடமிருந்து பறித்துவிட்டது. ஆதலின், கேட்ட கட்டுரையை விடுத்து, அவ்வினா எம்மை இட்டுச்சென்ற இடங்களையே ஈண்டு எழுதுகின்றோம். மலர்க்குழுவினர் பொறுத்தருள்க.

அன்று நெய்தற்றிணைப் பாடல் ஒன்றைக் கற்பித்துக்கொண்டிருந்தோம். கரும்பலகையில் முதல், கரு, உரி என வகுத்து, கருப்பொருளின்கீழ் நெய்தல் என்பதற்கு நேரே "ஒருவகைப் பூ" என்று எழுதினோம். "ஐயா, அந்தப் பூவை நீங்கள் கண்டிருக்கிறீர்களா?" என்று பின்வாங்கிலிருந்து ஒரு குரல் எழுந்தது. குறும்பன்று, அறியும் ஆவலே. கண்டோம் எனச் சாதித்திருக்கலாம். ஏனோ அன்று நா எழவில்லை, கண்டதில்லை என்றோம். வகுப்புச் சிரித்தது. யாமும் உடன்சிரித்தோம், சற்றே பிந்தி.

நெய்தல் ஆம்பல் இனத்துக் கொடி. நம் நாட்டின் தேசிய மலராகிய நீலோற்பலமே அது என்பாரும் உளர். ஆயின் எம்மூர்க் குளத்தில் இருக்கலாம் என எண்ணி, மறுநாள் மாலை அம்மாணவனோடு அங்குச் சென்றோம். குளத்தின் ஒரு பக்கம் கட்டட இடிபாடுகளால் தூர்ந்திருந்தது. எஞ்சிய நீரிற் பொலித்தீன் பைகள் மிதந்தன. பூவை நாம் அங்குக் காணவில்லை. குளம் தூர்ந்தால் கிணறு வற்றும் என்று பாட்டனார் கூறுவதை இளமையிற் கேட்டிருந்தோம். அதன் பொருளை அன்றுதான் எண்ணிப்பார்த்தோம்.

யாழ்ப்பாணக் குடாநாட்டுக்கு வற்றாத ஆறென ஒன்றில்லை. வழுக்கியாறும் மாரியில் மட்டும் ஓடுவதே. ஐப்பசி முதல் மார்கழி வரை பெய்யும் வடகீழ்ப் பருவமழை சுண்ணாம்புக் கற்பாறையின் வெடிப்புகளூடே இறங்கி, கீழுள்ள உவர்நீரின்மேல் ஒரு வில்லை போல மிதந்து நிற்கின்றது. நன்னீர் பாரம் குறைந்தது என்பதே அதற்குக் காரணம். நன்னீர் மட்டம் ஓரடி தாழின், அடியிலுள்ள உவர்நீர் ஏறக்குறைய நாற்பதடி மேலெழும் என்பது நீரியலார் கணக்கு. இவ்வளவும் நம் காலடியில் நிகழ்வது. நிலத்தையும் பொழுதையும் முதற்பொருள் என்றார் தொல்காப்பியர். வாணிகரும் கைப்பணத்தை முதல் என்றே சொல்வர். வட்டியில் வாழ்வதை விடுத்து முதலை உண்ணத் தொடங்கிய வாணிகர் போல ஆனோம் நாம்.

எனினும், துலாவை நீக்கி நீரிறைக்கும் இயந்திரத்தைக் கொணர்ந்தவரைப் பழித்தல் எமக்கு உடன்பாடன்று. பாட்டனார் விடியுமுன் துலா மிதித்தவர். கால் தவறி வீழ்ந்து ஒரு மாதம் கிடந்தவர். 1970களில் வெங்காயம், மிளகாய் இறக்குமதியை அரசு கட்டுப்படுத்தியபோது, எம் செம்பாட்டு மண் பொன் விளைத்தது. அக்காசிலேதான் எம் சிறிய தந்தையார் இக்கல்லூரிக்குச் சப்பாத்து அணிந்து வந்தார். வறியதொரு நாட்டில் உழவன் கைக்கு வந்த முதற் செல்வம் அது. அதனைக் குற்றமெனக் கவிதை பேசுதல் நிழலில் இருப்போர்க்கே கூடும். 2021ஆம் ஆண்டு இரசாயன உர இறக்குமதியைத் திடீரெனத் தடைசெய்து, உழவர் துயருற்றபின் அவ்வாண்டிலேயே அத்தடையை நீக்கியதையும் கண்டோம். மண்ணைக் காக்கும் எண்ணம் வர்த்தமானி வழியே ஒருநாளில் வந்துவிடாது.

இனி எம் குற்றத்தைச் சொல்லவேண்டும். மாலையில் வகுப்பிற் குறிஞ்சியும் முல்லையும் பேசிவிட்டு, காலையில் வீட்டுத் தோட்டத்து வெங்காயத்துக்கு யூரியாவை அளவின்றி வீசியவர் யாமே. பயிர் உண்டது போக எஞ்சியது எங்குச் செல்லும் என ஒருகாலும் வினவவில்லை. எம் இளைய மகள் பிறந்தபோது, கிணற்று நீரைப் பரிசோதிக்குமாறு குடும்பநல உத்தியோகத்தர் கூறினார். குடிநீரில் நைத்திரேற்று இலீற்றருக்கு 50 மில்லிகிராமைக் கடத்தலாகாது என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் வரையறை. கடப்பின் கைக்குழந்தைகளின் குருதி ஒட்சிசனைக் கொண்டுசெல்லும் ஆற்றல் குன்றி, உடல் நீலநிறம் எய்தவுங்கூடும். எம் கிணறு அவ்வரையறையைக் கடந்திருந்தது. கொதிக்கவைத்தாலும் அது நீங்காது என்றும் அறிந்தோம். "இந்தத் தண்ணியிலேதானே தம்பி உன்னை வளர்த்தனான்" என்றார் எம் தாயார். அவருக்கு விடைகூற எம்மிடம் சொல் இல்லை. பிறிதோர் ஊரிலிருந்து கலனில் நீர் கொணர்ந்து குழந்தையை வளர்த்தோம்.

அதன்பின் பாடங் கற்பிக்கும் முறை சிறிது மாறியது. ஈழத்துப் பூதன்றேவனார் பெயரில் சங்கத் தொகைகளுள் ஏழு பாடல்கள் உள. நவாலியூர்ச் சோமசுந்தரப் புலவரின் ஆடிப்பிறப்புப் பாட்டை அறியாத பிள்ளை இங்கில்லை. அவர்கள் தம் கண் கண்டதைப் பாடினர். நம் மாணவரோ "வருணனை சிறப்புடையது" என்றெழுதிப் புள்ளி பெறுகின்றனர். அவ்வாறு எழுதுவித்தவர் யாமே. இப்பொழுது திணை கற்பிக்குமுன், அவரவர் வீட்டுக் கிணற்றின் நீர்மட்டத்தை முடிச்சிட்ட கயிற்றால் மாதந்தோறும் அளந்து ஒரு கொப்பியில் எழுதச் சொல்கின்றோம். சிலர் எழுதுகின்றனர், சிலர் வீட்டிலிருந்தே இட்டுக்கட்டி எழுதுகின்றனர் என்பதும் எமக்குத் தெரியும். எம் தோட்டத்தில் உரம் குறைந்தது, விளைவும் குறைந்தது. கிணறு இன்னும் தேறவில்லை.

வினாத் தொடுத்த மாணவன் சென்ற ஆண்டு வன்னியிலுள்ள தன் மாமனார் வீட்டிலிருந்து ஒரு வாளியிற் சேற்றோடு ஒரு கிழங்கைக் கொணர்ந்து, விஞ்ஞானகூடத்தின் பின்னுள்ள சீமெந்துத் தொட்டியில் இட்டான். இதனை எழுதும் நாள்வரை இலைகளே விட்டிருக்கின்றன.

இம்மலரை உள்ளூரிலும் கடல் கடந்தும் படிக்கும் பழைய மாணவரிடம் ஒரு வேண்டுகோள் உண்டு. உங்கள் வளவுக் கிணற்றில் அந்நாளில், பங்குனிக் கோடையில், துலாக்கயிறு எத்தனை முழம் இறங்கியது என்பது நினைவிருப்பின், ஊர்ப்பெயரோடு கல்லூரி முகவரிக்கு எழுதியனுப்புங்கள். கொப்பியில் முதற்பக்கத்தை வெறுமையாக விட்டிருக்கின்றோம்.