டோனாவூரில் ஒரு பகல்

எங்கள் கோவிலம்பாக்கத்தில் எதிர்வீட்டு டீச்சரம்மாவுக்குச் சொந்த ஊர் களக்காடு. அவர்கள் வீட்டுக் கல்யாணத்துக்கு, "நீயும் வாயேன், நாலு இடம் பார்த்த மாதிரி இருக்கும்" என்று கூப்பிட்டார்கள். தாம்பரத்தில் நெல்லை எக்ஸ்பிரஸ் ஏறி, காலையில் திருநெல்வேலியில் இறங்கி பஸ் பிடித்தோம். போகப் போக மேற்கே மலை நம்மோடு கூடவே வருகிறது. களக்காட்டில் எந்தப் பக்கம் திரும்பினாலும் வாழைத் தோட்டம்தான். கல்யாணம் முடிந்த மறுநாள் திருக்குறுங்குடி நம்பியைச் சேவித்துவிட்டு, பக்கத்திலுள்ள டோனாவூருக்குப் போனோம்.

'இதென்ன, தமிழ்ப் பேர் மாதிரியே இல்லையே!' என்று தோன்றும். டோனா என்பது ஒரு ஜெர்மன் பிரபுவின் பெயர். ஏறக்குறைய இருநூறு வருஷத்துக்கு முன் அவர் அனுப்பிய பணத்தில் ரேனியஸ் பாதிரியார் உண்டாக்கிய ஊர் இது. ஆனால் வெளியூர்க்காரர்கள் இதைத் தெரிந்துவைத்திருப்பது ஏமி கார்மைக்கேல் என்ற அயர்லாந்துப் பெண்மணியால்.

அவர் 1895-ல் இந்தியாவுக்கு வந்தார். அதன்பின் 1951-ல் கண்மூடும் வரை ஒரு தடவைகூடச் சொந்த ஊருக்குத் திரும்பவில்லை. தமிழ் படித்தார், புடவை கட்டினார். நம் ஊர்ப் பெண்கள் சிலரையும் சேர்த்துக்கொண்டு மாட்டு வண்டியில் கிராமம் கிராமமாகப் போய்ப் பிரசங்கம் செய்தார். 1901-ல் ஏழு வயசுச் சிறுமி ஒருத்தி அவரிடம் ஓடிவந்தாள். அவளைக் கோயிலுக்குப் பொட்டுக் கட்டுவதாக இருந்ததாம். முன்பு ஒருமுறை தாயிடம் ஓடிப்போனதற்காகக் கையில் சூடு போட்டிருந்தார்களாம். அவளுக்குப் பின்னால் இன்னும் பல பெண் குழந்தைகள் வந்தார்கள். 1904 முதல் கைக்குழந்தைகளும் வர ஆரம்பித்தன. (பொட்டுக் கட்டுவதைத் தடுக்க டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி பாடுபட்டதும், 1947-ல் சென்னை மாகாணத்தில் சட்டம் வந்ததும் நமக்குத் தெரியும். ஏமி அம்மையார் நம் சமயத்தைப் பற்றி எழுதியது எல்லாமே எனக்கு ஒப்புதல் இல்லை. அது வேறு விஷயம்.)

மதப் பிரசாரத்துக்கு வந்தவரின் அன்றாட வேலை அதோடு மாறிப்போயிற்று. பிள்ளை தாயின் காலைக் கட்டிப்போடும் என்று நம்மவர்கள் சொல்வதை அவரே எழுதி வைத்திருக்கிறார். வண்டிப் பயணம் குறைந்தது. பால் காய்ச்சுவது, துணி அலசுவது, ராத்திரி கண்விழிப்பது, இதுதான் மிஷன் வேலை என்றாயிற்று.

பால் என்று லேசாகச் சொல்லிவிட்டேன். என் இரண்டாவது பிள்ளைக்குப் பத்து நாள் தாய்ப்பால் சரியாக ஊறவில்லை. பாலாடையைக் கொதிநீரில் போட்டு எடுத்து, கொஞ்சம் கொஞ்சமாக ஊட்டி, கக்கினால் மறுபடி ஊட்டி... ஒரு பிள்ளைக்கே நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்! அங்கேயோ தாயில்லாத பிள்ளைகள் எத்தனையோ. ஐஸ்பெட்டி கிடையாது, வெயிலோ திருநெல்வேலி வெயில். பிறத்தியார் பிள்ளைக்குப் பால் கொடுக்க ஊர்ப்பெண்களும் சம்மதிக்கவில்லை. ஆகவே நெய்யூர் மிஷன் ஆஸ்பத்திரிக்குப் பக்கத்தில் சிசுக்களுக்கென்று தனி வீடு வைத்தார்கள். அங்கேயும் வயிற்றுக்கடுப்பு பரவிப் பல குழந்தைகள் போய்விட்டன.

நெய்யூர் வீட்டைப் பார்த்துக்கொண்டவர் பொன்னம்மாள் என்ற விதவைப் பெண். பீத்துணி அலசுவதைத் தாழ்ந்த வேலை என்று மற்றவர்கள் தயங்கினபோது, இவர் யாரையும் ஒரு வார்த்தை சொல்லாமல் தாமே அலசினாராம். அதைப் பார்த்துத்தான் மற்றவர்களும் கை வைத்தார்கள். 1915-ல் புற்றுநோயில் இறந்தார். ஏமி அம்மையாரைப் பற்றி உலகமெல்லாம் புத்தகம் இருக்கிறது. பொன்னம்மாள் பெயரை நம்மில் எத்தனை பேர் கேட்டிருப்போம், சொல்லுங்கள்?

கல்யாண வீட்டில் ஒரு பாட்டியிடம் இதைச் சொன்னேன். "பின்ன என்ன பிள்ள, வெள்ளைக்காரியம்மா ஒத்தையா எத்தனைப் பிள்ளையத் தூக்குவா? நம்ம அக்காமாருதான வளத்தாவ" என்றார் வெற்றிலையை மென்றபடி. பிள்ளைகளை வளர்த்த பெண்களை அங்கே 'அக்கா' என்றுதான் கூப்பிட்டார்கள். பெரிய விடுதியாக இல்லாமல், சின்னச் சின்ன வீடுகளில் அக்காவும் பிள்ளைகளும் ஒரு குடும்பமாக இருந்தார்கள். 1918 முதல் ஆண் குழந்தைகளையும் சேர்த்துக்கொண்டார்கள்.

இன்றைக்கு ஆறு மாதம் வரை தாய்ப்பால் மட்டும் என்கிறார்கள் டாக்டர்கள். பால் இல்லாத குறைமாதப் பிள்ளைகளுக்குத் தாய்ப்பால் வங்கி இருக்கிறது. மும்பை சயான் ஆஸ்பத்திரியில் 1989-ல் ஆரம்பித்தது. தமிழ்நாட்டில் 2014 முதல் அரசு ஆஸ்பத்திரிகளிலும் வந்துவிட்டது. வயிற்றுப்போக்குக்கு உப்பு-சர்க்கரைக் கரைசல் பொட்டலம் வந்தபின் எத்தனை உயிர் பிழைத்திருக்கிறது! நெய்யூரில் அன்று இவற்றில் ஒன்றுகூட இல்லை.

1931-ல் தவறி விழுந்த ஏமி அம்மையார், பிறகு இருபது வருஷத்துக்குக் கிட்டத்தட்டப் படுக்கையில்தான் இருந்தார். அங்கிருந்தே புத்தகம் எழுதினார். கல்லறைக் கல் வைக்கக்கூடாது என்று சொல்லியிருந்தாராம். ஆகவே பிள்ளைகள் பறவைகள் தண்ணீர் குடிக்க ஒரு கல்தொட்டி வைத்து, தாயைக் குறிக்கும் ஒரே ஒரு சொல்லை அதில் செதுக்கினார்கள்.

நீங்களும் போவதானால், அது குடும்பங்கள் வாழ்ந்துவரும் இடம், சுற்றுலா ஸ்தலம் அல்ல. முன்கூட்டியே அனுமதி கேட்டுக்கொண்டு போங்கள். கையில் தண்ணீரும் குடையும் அவசியம். களக்காட்டிலிருந்து பஸ் எப்போது என்று முதலிலேயே விசாரித்துக்கொள்ளுங்கள். எங்களுக்கு ஒன்று தவறி, அடுத்ததற்கு வெகுநேரம் வேப்பமரத்தடியில் உட்கார்ந்திருந்தோம். டீச்சரம்மா கல்யாண முறுக்கைப் பிரித்தார்கள்.