எல்லோருக்கும் 90 நாள்



பணி ஓய்வுக்குப் பிறகு ஒரு கல்லூரியில் கொஞ்ச காலம் வகுப்பு எடுத்தேன் அல்லவா, அங்கே கொடுத்த மின்னஞ்சலைப் போன மாதம் திறந்தால் பெட்டி காலி. சர்வரில் இடம் போதவில்லையாம். 90 நாளுக்கு மேற்பட்ட கடிதங்கள் தானாக அழியும்படி வைத்துவிட்டார்கள். முதல்வருக்கும் அதே கெடு, எனக்கும் அதே கெடு. பேக்கப்பும் இல்லை.

இதே வேலையில் இருக்கும் நம் பழைய மாணவனிடம் போனில் கேட்டேன். "டவ்காட் மாதிரி மென்பொருள்ல ஆளுக்கு ஆள், ஃபோல்டருக்கு ஃபோல்டர் தனிக் கெடு வைக்கலாம் சார். குப்பைக்கு 30 நாள், கணக்குப் பிரிவுக்குப் பல வருஷம்னு. அழிக்கிறதுக்கு முன்னாடி அதே விதியைத் தேடலா ஓட்டிப் பார்த்தா எதெல்லாம் போகும்னு தெரிஞ்சிடும்" என்றான்.

எனக்குச் சிரிப்புதான் வந்தது. நான் தலைமையாசிரியராக இருந்தபோது கோப்பு முடித்தால் எல்.டிஸ். ஒரு வருடம், கே.டிஸ். மூன்று, டி.டிஸ். பத்து, ஆர்.டிஸ். நிரந்தரம். எல்லாக் கோப்புக்கும் ஒரே முத்திரை குத்தியிருந்தால் எங்கள் கிளார்க் சண்டைக்கே வந்திருப்பார்.

போனவற்றில் ஒன்று, 2019இல் ஒரு மாணவி எழுதியது. வேலையை விட்டுவிட்டு மறுபடி படிக்கச் சேர்ந்த கதை, நீளமாக. நிதானமாகப் பதில் எழுதலாம் என்று நானும் தள்ளிப்போட்டுக்கொண்டே இருந்தேன். அவள் முகவரியும் அந்தக் கடிதத்தோடு போய்விட்டது.

இதைப் படிக்கிறாயா அம்மா? ஒரு வரி எழுது. இந்தத் தடவை அன்றைக்கே பதில் போடுகிறேன்.