50 ஓம் மூடி

தொண்ணூறுகளின் கடைசி. நாகர்கோவிலில் நான் வேலை பார்த்த அலுவலகத்தில் நாலு கம்ப்யூட்டர். நாலையும் ஒரே கறுப்புக் கேபிளில், அம்மன் கொடைக்குக் கட்டும் சீரியல் பல்பு மாதிரி கோர்த்திருந்தார்கள். ஓரிடத்தில் விட்டால் எல்லாம் போச்சு.

ஒரு திங்கட்கிழமை ஒன்றை ஒன்று அடையாளம் தெரியாமல் நின்றன. சர்வீஸ் பையன் ஒவ்வொரு பெட்டியாகத் திறந்து, நெட்வொர்க் கார்டைக் கழற்றி, அழிரப்பரால் தேய்த்து மாட்டினான். ஐ.ஆர்.கியூ. எண்ணையும் மாற்றிப் பார்த்தான். அசையவில்லை. தூத்துப் பெருக்கும் அம்மாதான் வயரை இழுத்திருப்பார் என்று சூப்பிரண்டு ஏசினார். "நான் தொடவே இல்ல சாரே" என்று அழுதார் அந்த அம்மா.

மத்தியானம் பையன் கடைசி மேஜைக்கு, என்னிடம், வந்தான். "சாரே, டெர்மினேட்டர் எங்கே?"

அந்தக் கேபிளின் இரண்டு நுனியிலும் 50 ஓம் மூடி வேண்டும். இல்லையென்றால் சிக்னல் நுனியில் முட்டித் திரும்பி, எதிரே வருவதைக் கெடுக்கும். காரைக்காலில் பிரெஞ்சு மீடியத்தில் படித்தவன் நான். பிரெஞ்சில் அதற்கு 'பூஷோன்' என்று பேர். பாட்டில் தக்கைக்கும் அதே சொல்தான். சனிக்கிழமை மேஜையை நகர்த்தும்போது அதைக் கழற்றி டிராயரில் போட்டது நான்.

எடுத்துக் கொடுத்தேன். நாலும் பேசத் தொடங்கின. சூப்பிரண்டிடம், "இங்கேதான் கிடந்தது சார்" என்றேன். அவ்வளவுதான் சொன்னேன்.

சில வருஷம் கழித்து வடசேரிச் சந்தையில் அந்த அம்மாவைப் பார்த்தேன். "சாருக்குச் சுகந்தானா?" என்று கேட்டார். சுகம் என்றேன்.