ஒரு ரிங் என்றால் பஸ்

2007-ல் குன்றத்தூரில் எங்களுக்கு மிஸ்டு கால்தான் பாஷை. என் கணவருக்கு ஸ்ரீபெரும்புதூர் நோக்கியா ஃபேக்டரியில் வேலை. ஒரு ரிங் வந்தால் கம்பெனி பஸ் ஏறிவிட்டார்; இரண்டு வந்தால் ஓ.டி. வேலை போன் செய்வது. வீட்டுக்குப் பேசத்தான் பேலன்ஸ் இருக்காது!

ஒருநாள் ராத்திரி இரண்டு ரிங். ஓ.டி. என்று தூங்கிவிட்டேன். விடியற்காலையில் ஆட்டோக்காரர் ஒருவர் அவரைக் கைத்தாங்கலாகக் கொண்டுவந்து விட்டார். உடம்பு நெருப்பாய்க் கொதித்தது. நடக்க முடியாமல் பஸ் ஸ்டாண்டிலேயே சுருண்டு படுத்திருக்கிறார்.

"நீ திருப்பிக் கூப்பிடுவேன்னு நினைச்சேன்" என்றார். என் போனிலும் பேலன்ஸ் இல்லை.

அதே வருஷம் இங்கிலாந்தில் பிளிக் என்றொரு கம்பெனி, 16 முதல் 24 வயதுக்காரர்களுக்கு மாதம் 217 எஸ்.எம்.எஸ்., 43 நிமிடப் பேச்சு இலவசமாகக் கொடுத்ததைப் பிறகு படித்தேன். பதிலுக்கு, போனில் வரும் விளம்பரங்களைப் பார்த்தால் போதும். 2009-லேயே நின்றுவிட்டது. எனக்கு அப்போது 23 வயது. தினம் நூறு சோப்பு விளம்பரம் வந்திருந்தாலும் பார்த்திருப்பேன்.

2014-ல் நோக்கியா ஃபேக்டரி மூடிய பிறகு அவர் ஒரகடத்துக்கு மாறினார். இப்போது காசு கட்டித்தான் ரீசார்ஜ். 'லோன் வேணுமா' விளம்பரமும் கூடவே வருகிறது. பேச்சு அன்லிமிடெட்.

ஆனாலும் பஸ் ஏறியதும் ஒரு ரிங் விட்டுக் கட் பண்ணுகிறார். இரண்டாவது ரிங் வந்தால் உடனே எடுத்துவிடுவேன்.